நாற்பத்தொரு ரன்

"ஒருத்தனும் ஓடல்ல. ஆனா நாலு ரன் எண்டு சொல்றான். இது என்ன கூத்து?"

தேநீர்க் கடை வாங்கில் காலை மடித்து உட்கார்ந்திருந்த சீனிமுகம்மது ஹாஜியார் டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். 1982 மாசி மாதம். கொழும்பில் வெள்ளைக்காரனோடு நம் நாட்டுக்கு முதலாவது டெஸ்ட் மட்ச் நடந்துகொண்டிருந்தது. கல்முனைக்குடியில் மட்டையைக் கண்ணால் காணாதவர்கள்கூட ஸ்கோர் கேட்ட நாட்கள் அவை.

"ரன் எண்டா ஓட்டம் எண்டுதானே நீ சொன்னாய், மீராசா? பந்து கயித்தத் தாண்டிற்றாம். ரெண்டு பேரும் நிண்ட இடத்துல நிக்கிறானுகளாம். மறுகா எப்படி ஓட்டம்?"

கேள்வி நியாயமானதுதான். கேட்கப்பட்ட ஆள்தான் பிழை. மீராசா ஊர்க் கூட்டுறவுக் கடையின் மனேஜர். வயது இருபத்தேழு. நல்ல பிள்ளை. அவனிடம் இருந்த ஒரே இங்கிலீசு, கமக்கட்டில் செருகியிருந்த இங்கிலீசுப் பத்திரிகைதான். அதையும் அவன் படிப்பதில்லை, சுமப்பான்.

சுமந்ததற்குக் காரணம் அதே வாங்கின் மறு நுனியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அச்சிமுகம்மது போடியார். கரைவாகு வயலில் இருபது ஏக்கர் நெற்காணிக்காரர். அவருடைய இளைய மகள் சுல்பிகாவை மீராசாவுக்குப் பேசி முடித்து இரண்டு மாதமாகிறது. சுல்பிகாவை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். கூட்டுறவுக் கடையில் சீத்தைத் துணி வாங்கிப் போனவள், ஒரு முழம் கூடுதலாகக் கிழித்துவிட்டீர்கள் என்று வெயிலில் திரும்பி வந்து கொடுத்தாள். கூட்டுறவுக் கடை வரலாற்றிலேயே அப்படி ஒரு ஆள் வந்ததில்லை. அன்றைக்கே மீராசா கவிழ்ந்துவிட்டான்.

நம் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். சுல்பிகாவின் வீடு சுவர் எழும்பி, கூரை மரமும் ஏறிவிட்டது. ஓடு போட்டால் நிக்காஹ். அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் சம்பந்தம் பேசப் போன அன்று மாமனார் வீட்டு மண்டபத்தில் மீராசா ஒரு படத்தைப் பார்த்துத் தொலைத்தான். பெரிய மகள் நபீஸாவின் கணவர், நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு லண்டன் பாலமொன்றில் நிற்கும் படம். அவருக்கு இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடாம். ஐந்து வருடமாக லண்டனில் இருக்கிறாராம். மூத்த மருமகன் அப்படியென்றால் இளைய மருமகனிடமும் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள்? ஓ லெவல் பரீட்சையில் இங்கிலீசுக்கு எஃப் எடுத்தவன் என்று தெரிந்தால் வீட்டுக்கு ஓடு வருமா? அடுத்த நாளே பத்திரிகையைக் கமக்கட்டில் செருகினான். இரண்டே கிழமையில் ஊர் அவனை இங்கிலீசுக்காரன் என்று நம்பிவிட்டது.

இப்போது மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும்.

"ஓட்டம் மட்டுமில்ல ஹாஜியார். அந்தச் சொல்லுக்குப் பத்து அர்த்தம் இரிக்கி," என்று வாயைக் கொடுத்தான்.

பத்து என்பது அவனாகப் போட்டது.

"பத்தா?" அச்சிமுகம்மது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "பத்துத் தெரியுமா மகன் உங்களுக்கு?"

"எங்க, சொல்லு பாப்பம்," என்றார் சீனிமுகம்மது.

"இப்ப கடை துறக்கோணும். நாளைக்குச் சொல்றன்."

மாமனார் மீதித் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். நம்பவில்லை, மனிதர் நம்பவே இல்லை என்று மீராசா முடிவு கட்டினான்.

அன்று பின்னேரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு கனகசிங்கம் மாஸ்டர் வீட்டுக்குப் போனான். கல்முனையில் முப்பத்தெட்டு வருடம் இங்கிலீசு படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊரிலேயே பெரிய அகராதி அவரிடம்தான் இருந்தது. அதைச் சிவப்புத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிமேல் வைத்திருந்தார்.

"கை கழுவிற்று வாரும்," என்றார் மாஸ்டர்.

கழுவினான். மாஸ்டர் துணியை அவிழ்த்து, பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். பத்து வருடமாக ஒருவரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"ரன் லேசுப்பட்ட சொல்லில்லை தம்பி. பழைய இங்கிலீசில 'ரின்னன்'. வடகடல் பக்கத்து ஆக்களிட்ட 'ரின்னா'. தண்ணி ஓடுறதும் மனிசன் ஓடுறதும் ஆதியில அவங்களுக்கு ஒரே சொல்லுத்தான். மறுகா ஒண்டொண்டாப் பெருகிற்று. எழுதும்!"

மீராசா எழுதினான். குழாய் ஓடும். மூக்கு ஓடும். பஸ் ஓடும். மெசின் ஓடும். தியேட்டரில் படம் ஓடும். கடை ஓடும். சட்டைச் சாயம் ஓடும். மாஸ்டர் நிறுத்துவதாக இல்லை. விளக்கு வைக்கும் நேரம் நாற்பத்தொன்றில் வந்து நின்றார். இரண்டு தாள் நிறைந்துவிட்டது.

"சேர், எல்லாமே ஓடுறதாத்தானே இரிக்கி? நாங்களும் இப்படித்தானே சொல்ற?"

"ஒண்டு மட்டும் வித்தியாசம்," என்று மாஸ்டர் விரலை உயர்த்தினார். "தேர்தல். அதுக்கு நாங்க நிக்கிறம். அமெரிக்காக்காரன் ஓடுறான்."

மறுநாள் காலை கூட்டுறவுக் கடை திறந்ததும் முதல் ஆளாக நபீஸா வந்தாள். சீனிக்கு வந்தவள் போலத் தெரியவில்லை.

"தம்பி, ஒரு கதை சொல்லோணும். நேத்து வாப்பா சோறே தின்னல்ல. உங்கட இங்கிலீசப் பத்தித்தான்..."

"வெளங்குது ராத்தா!" மீராசா இடைமறித்தான். "பத்துக் காணா எண்டு நினைக்கிறார். நாற்பத்தொண்டு இரிக்கி எண்டு சொல்லுங்க."

"அதில்ல தம்பி, ஒள்ளுப்பம் கேளுங்க..."

"நாற்பத்தொண்டு! எழுதியே வெச்சிரிக்கன்."

நபீஸா அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சீனியை மறந்துவிட்டுப் போனாள். செய்தி சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. மத்தியானம் ஆவதற்குள் சுல்பிகாவின் கூரையிலிருந்து தச்சன்மார் இறங்கிவிட்டார்கள். ஓடு ஏற்றப் போன வண்டிலையும் பாதி வழியில் திருப்பிவிட்டாராம் போடியார்.

மீராசாவுக்கு உலகமே இருண்டது. சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? பாடமாக்கி, மாமனார் முன்னால் மடமடவென்று ஒப்புவித்தால்தான் வண்டில் திரும்பும்.

கடையில் நின்றே பாடமாக்கத் தொடங்கினான். "இருபது, ஆறு ஓடுதல். இருபத்தொண்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே மண்ணெண்ணெய் ஊற்றினான், மா நிறுத்தான், மிளகாய் சுற்றினான். சுற்றிக் கொடுத்த மிளகாய் சீனிமுகம்மதுவின் மனைவி சபியா உம்மாவுக்கு. சுற்றிய தாள், ரன் பட்டியலின் இரண்டாம் தாள்.

அரை மணித்தியாலத்தில் சீனிமுகம்மது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் மிளகாய் வாசத்தோடு தாள்.

"இது உன்ட கையெழுத்தா?"

"ஓம் ஹாஜியார்..."

"வாசி. இருபத்தொண்டாவத வாசி. எல்லாருக்கும் கேக்க வாசி!"

கடையில் பத்துப் பேர் நின்றார்கள். மீராசா தாளை வாங்கி வாசித்தான்.

"பெண்களின் காலுறையில்... நூல் ஓடுதல்."

"அடுத்தது?"

"மனம்... ஒருவர்பால் ஓடுதல்."

"என்ட பொஞ்சாதிக்கு அறுபத்திரெண்டு வயசு!" சீனிமுகம்மதுவின் குரல் கடற்கரைப் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். "மிளகாச் சுருள்ள வெச்சி எழுதியனுப்புறியா? அவ காலுறைய நீ எப்படா கண்டாய்? அவட வாப்பா காலத்திலயிருந்து அவ காலுறையே போட்டதில்ல!"

"அல்லாஹ்வே! ஹாஜியார், அது ரன்! ரன்னுக்கு அர்த்தம்! கனகசிங்கம் மாஸ்டரிட்டக் கேட்டுப் பாருங்க!"

"கேப்பன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச கையோட மாஸ்டரையும் கூட்டி வாறன். பேப்பர் இல்லாம நாற்பத்தொண்டையும் உன்ட மாமனார் முன்னுக்குச் சொல்லோணும். ஒண்டு குறைஞ்சாலும் இத நான் காதல் கடுதாசி எண்டுதான் ஊருக்குச் சொல்லுவன்!"

சபியா உம்மாவுக்கு இதில் கோபமே வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்தத் தாளை அவர் திருப்பிக் கேட்டாராம்.

ஹாஜியாரின் அழைப்புக்கு அச்சிமுகம்மதுவிடமிருந்து பதில் வந்தது. அறுவடை முடிந்து சூடு அடிக்கிற நேரம். களத்தை விட்டு அவர் எங்கும் வரமாட்டார். நடக்கிறது களத்தில் நடக்கட்டும்.

வியாழக்கிழமை நபீஸா மறுபடி வந்தாள். இந்த முறை சீனிச் சாக்கையே காட்டவில்லை.

"தம்பி, நாளைக்குக் களத்துக்கு வராதீங்க. காய்ச்சல் எண்டு படுங்க. நீங்க சொல்லச் சொல்ல வாப்பாக்கு மனசு..."

"ராத்தா, நான் இப்பப் பின்வாங்கினா வாப்பாட மானம் போயிரும். பயப்பட வேணா. நாற்பத்தொண்டும் பாடம்!"

"யா றப்பே," என்று நெற்றியில் அடித்துக்கொண்டு போனாள் நபீஸா.

வெள்ளிக்கிழமை. கரைவாகுக் களத்தின் நடுவில் தூற்றிய நெற்பொலி பொன்னாகக் குவிந்து கிடந்தது. அதை அளக்கத் தயாராக நின்றார் தங்கராசா, போடியாரின் முல்லைக்காரர். வயலை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவர். களத்துக்குள் அவர் சொன்னால் போடியாரும் கேட்க வேண்டும்.

"செருப்பக் கழட்டு மனே," என்றார் தங்கராசா. "உள்ளுக்க வாய் கவனம். மாடு எண்டு சொல்லப்படாது, வாரிக்காலன். கடகம் எண்டு சொல்லப்படாது, பெருவாயன். ஒண்டு எண்டு எண்ணப்படாது, லாபம் எண்டு எண்ணோணும். போதும், முடிஞ்சி, குறைஞ்சி, இப்படி ஒரு சொல்லும் வரப்படாது. பொலி கேட்டுக்கொண்டிருக்கும். முக்கியமா..."

தங்கராசா அவன் காதோடு குனிந்து, முக்கியமான அந்தச் சொல்லை மூச்சாகச் சொன்னார்.

"ஓடு எண்ட சொல்லு. அது காதில விழுந்தா பொலி எழும்பிப் போயிரும்."

பள்ளிவாசல் மௌலவி இதையெல்லாம் விடச் சொல்லிப் பலமுறை பயான் பண்ணியிருக்கிறார். பயான் முடிந்ததும் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் களத்துக்கு வந்து மாட்டை வாரிக்காலன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மீராசா மனதுக்குள் முதலாம் இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். குழாய் ஓடும். மூக்கு ஓடும். பஸ் ஓடும். நாற்பத்தொன்றில் நாற்பது ஓடியது.

"தொடங்கு," என்றார் சீனிமுகம்மது. மாஸ்டர் அகராதியைச் சிவப்புத் துணியோடு மடியில் வைத்திருந்தார். ஊரில் பாதி வரம்பில் நின்றது. அச்சிமுகம்மது நெற்குவியலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார்.

"லாபம்," என்றான் மீராசா. "லாபம்... வந்து... மூக்கு. மூக்கிலயிருந்து தண்ணி..."

"தண்ணி?"

"தண்ணி... வரும். வந்து நிக்காது."

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அது கம். ரன் இல்லை."

"ரெண்டு. பஸ்... அக்கரைப்பற்றுக்குப் போகும்."

"அது கோ."

"மூணு. கடை... நல்லா நடக்கும்."

"அது வோக், தம்பி," என்றார் மாஸ்டர் வேதனையோடு. "எல்லாம் நேற்று வரைக்கும் சரியாச் சொன்னீரே?"

வரம்பில் சிரிப்பு எழுந்தது. மீராசா மாமனாரைப் பார்த்தான். அவர் குனிந்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தான். சுல்பிகாவின் கூரையில்லாத வீடு கண்முன் வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் அந்த ஒன்று, நாற்பத்தொன்றில் ஓடாத அந்த ஒரே ஒன்று, ஞாபகம் வந்தது.

"நாலு!" என்று கத்தினான். "தேர்தல்ல நிக்கிறது!"

"சரி!" என்று மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

"என்னது சரி?" சீனிமுகம்மது பாய்ந்து முன்னுக்கு வந்தார். "ரன் எண்டா நிக்கிறதா? கேட்டயளா கதைய! டேய், ரன் எண்டா ஓடுறதுடா! ஓடுறது! ஓடுறது!"

வரம்பில் நின்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

தங்கராசாவின் கையிலிருந்த கடகம் கீழே விழுந்தது. "மூணு தரம்," என்றார் மெல்ல. "போடியார், மூணு தரம் சொல்லிற்றார்."

பிறகு நடந்ததை எழுதினால் ஹாஜியாரின் பிள்ளைகள் கோபிப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், களத்து முறைப்படி ஒரு சொல்லுக்கு ஒரு பெருவாயன் வீதம் மூன்று பெருவாயன் நெல்லை ஹாஜியார் தன் களத்திலிருந்து கொண்டுவந்து இந்தப் பொலியில் கொட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், இன்னும் ஒன்று சொல்லிவிடப் போகிறார் என்று நான்கு பேர் அதைப் பொத்தினார்கள்.

தப்பித்தாயிற்று. மீராசா பேசாமல் இருந்திருந்தால் அந்த அமளியிலேயே எல்லாம் அமுங்கிப் போயிருக்கும். ஆனால் வெயிலில் திரும்பி வந்து ஒரு முழத் துணியைக் கொடுத்தவளின் முகம் அவன் மனதில் நின்றது. அவளை ஏமாற்றியா கட்டுவது?

"மாமா," என்றான். "எனக்கு இங்கிலீசு தெரியா."

அச்சிமுகம்மது துண்டை எடுத்தார். "என்ன?"

"ஒரு சொல்லும் தெரியா. ஓ லெவல்ல எஃப். பேப்பரக்கூட படத்தப் பாத்துத்தான் நிமித்திப் பிடிக்கிறனான். ரன் எல்லாம் மாஸ்டர் தமிழ்ல சொல்லி எழுதினது. என்ன மன்னிச்சிருங்க. சம்பந்தத்த வேணாமெண்டு சொன்னாலும் சொல்லுங்க."

போடியார் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இவர் சொல்றது உண்மையா?"

கனகசிங்கம் மாஸ்டர் அகராதியைத் துணியில் சுற்றினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"போடியார், நான் முப்பத்தெட்டு வருசம் படிப்பிச்சவன். இவர மாதிரி ஒருத்தரக் கண்டதில்லை. இவருக்கு இங்கிலீசு வராது."

"இனியும் வராதா?"

"படிப்பிச்சாலும் வராது. என்ர காலத்தில வராது."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அச்சிமுகம்மது இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார்.

நிக்காஹ்வுக்கு முதலே தெரிந்துவிட்டதே என்று சந்தோசப்படுகிறார் என்று மீராசா தலையைத் தொங்கப்போட்டான். முடிந்தது கதை. ஆனால் போடியாரோ நெற்குவியலைச் சுற்றி வந்து அவனைக் கட்டிப் பிடித்தார். பிடித்த பிடியில் விலா எலும்பு நோவெடுத்தது.

"தங்கராசா! நாளைக்கு விடியவே வண்டில் போகோணும். கூரைக்கு... அதான்... அந்தச் சிவத்தச் சாமான்... மண்ணால சுட்டது... சொல்ல ஏலாதே, அது! அத ஆயிரத்தைநூறு ஏத்து! பெருநாளைக்கு முந்தி நிக்காஹ்!"

வரம்பிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். உண்மை சொன்னதற்குக் கிடைத்த மரியாதை என்று மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீராசாவும் அப்படித்தான் நினைத்தான். உள்ளதைச் சொன்னால் இப்படி ஒரு பலனா என்று அவனுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

களத்து ஆட்களுக்குச் சோற்றுப் பெட்டி சுமந்துகொண்டு நபீஸா வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தயளா ராத்தா?" என்றான் மீராசா நெஞ்சை நிமிர்த்தி. "வாப்பாக்கு உண்மை எண்டா எவ்வளவு புடிக்குது!"

"உண்மையா?" நபீஸா பெட்டியை இறக்கினாள். "ரெண்டு தரம் சொல்ல வந்தன், உட்டயளா? வரம்புக்கு வாங்க தம்பி, களத்துக்குள்ள இந்தச் சொல்லச் சொல்ல ஏலா."

வரம்புக்குப் போனார்கள். நபீஸா அவன் கமக்கட்டிலிருந்த பத்திரிகையை உருவி எடுத்தாள்.

"எங்கட மனிசனும் இத இப்படி வெச்சிக்கொண்டுதான் வந்தவர், இதிலதான் லண்டன் வேலைய வாசிச்சவர். போனவர் அஞ்சு வருசமாத் திரும்பல்ல. அதால வாப்பா இந்த முறை தரகரிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: 'இங்கிலீசு தெரியாத மாப்பிள்ளையாப் பாரு, தெரிஞ்சவன் ஓடிருவான்!'"